கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு

அச்சகத்தின் வருகைப் பதிவேட்டில் அவருக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். இருபத்திரண்டு வருடங்களாகக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி ஒரு சின்னப் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததால் எல்லோருக்கும் அவர் லென்ஸ். வயதில் சிறியவர்களுக்கு லென்ஸ் அண்ணன்.

அட்டைப்பெட்டிகள் அச்சடிக்கும் இடம் அது. சோப்பு, மருந்து, பிஸ்கட், சிகரெட் என்று எல்லாவற்றின் சட்டையும் அங்கேதான் தைக்கப்படும். இயந்திரம் தாளைத் துப்பிக்கொண்டே இருக்கும். முந்நூறு தாளுக்கு ஒன்று என்று லென்ஸ் உருவியெடுத்து, சாய்வு மேசையில் வெள்ளை விளக்குக்குக் கீழே விரிப்பார். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கும் முடி பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றனவா, வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரித் தாளோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். "சிவப்பக் கொஞ்சம் தூக்கு" என்பார், அல்லது "மஞ்சள் குடிச்சிட்டுக் கெடக்கு, எறக்கு" என்பார். மற்றவர்கள் கண்ணுக்கு இரண்டு தாளும் ஒன்றாகத்தான் தெரியும். அவர் சொன்னபடி திருப்பியபிறகுதான் அட, ஆமாம் என்பார்கள்.

சிகரெட் பெட்டியில் நோய்ப் படம் போடவேண்டும் என்று சட்டம் வந்த புதிதில் அந்தக் கூடமே கலங்கிப்போனது. முதல் நாள் ஓடியது தொண்டையில் ஓட்டை விழுந்த ஒருவரின் படம். ஒரே தாளில் இருபத்து நான்கு தொண்டைகள், தாளுக்கு மேல் தாளாக ஆளுயரத்துக்கு உயர்ந்து நின்றன. அன்றைக்கு இரண்டு பேர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலேயே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போனார்கள். நாலாம் நாள் அதே தாளை விரித்து, அதன்மேலேயே வைத்துச் சாப்பிட்டார்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இவர்களுக்குப் பழகப் பழகப் புண்ணும் பூவாகிவிட்டது.

லென்ஸுக்கும் அப்படித்தான். பத்தொன்பது வயதில் தொட்ட சிகரெட், நாற்பத்தாறில் நாளுக்கு ஒரு பெட்டி. மை கலக்குகிறவர் அவருக்குக் கூட்டாளி. காகிதக் கிடங்குக்குப் பின்னால் இரண்டு பேரும் நின்று, தாங்களே அச்சடித்த பெட்டியைத் தாங்களே கிழித்து, தாங்களே பற்றவைத்துக்கொள்வார்கள்.

"ஊருக்கெல்லாம் எச்சரிக்கை அடிச்சுக் கொடுக்கிறோம், நமக்கு யாருய்யா அடிச்சுக் கொடுப்பா?" என்று மைக்காரர் சிரிப்பார். லென்ஸும் சிரிப்பார்.

அந்த வருடம் படங்கள் மாறின. புதிதாக வந்தவற்றில் ஒன்று, திறந்த வாய். கன்னத்தை ஒரு விரல் இழுத்துப் பிடித்திருக்கும்; உள்ளே சிவந்த புண், அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு. புண்ணின் சிவப்பு ஒரே சுற்றில் கைக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளைதான் அவரைப் படாதபாடு படுத்தியது. தாளின் வெள்ளையாகவும் இருக்கக்கூடாது, பாலின் வெள்ளையாகவும் இருக்கக்கூடாது. நனைந்த சுண்ணாம்புச் சுவர் காயும்போது ஒரு நிறம் வருமே, அது. நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி, மஞ்சளில் ஐந்து புள்ளி, கறுப்பில் மூன்று புள்ளி என்று பிடித்தார். மேற்பார்வையாளர் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. பல் துலக்கிக்கொண்டிருந்தார். கடைவாயில் ஏதோ சிக்கியது போலிருந்ததால், கண்ணாடிக்கு முன்னால் வலது கன்னத்தை விரலால் இழுத்துப் பார்த்தார்.

மஞ்சள் ஐந்து, கறுப்பு மூன்று.

எண்கள்தான் முதலில் வந்தன. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு, கன்னத்தின் உட்புறத்தில். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. பல் தூரிகையால் தேய்த்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். சுற்றியிருந்த சதை சிவந்ததே தவிர அது அப்படியே இருந்தது. சிவந்தபிறகு இன்னும் அந்தப் படம் போலவே ஆகிவிட்டது. குழாயை மூட மறந்து அப்படியே நின்றார்.

"தண்ணி போகுது பாருங்க!" என்று அடுப்படியிலிருந்து மனைவி கத்தியபிறகுதான் கை நகர்ந்தது.

அன்றைக்கு அச்சகத்தில் முதல் வேலையே அந்தப் பெட்டிதான். மூன்றாவது தாளை உருவியெடுத்தவர், ஓரத்தில் ஒரு வாயை மட்டும் கத்தரித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சவரக் கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து, கத்தரித்த துண்டைக் கன்னத்தோரம் பிடித்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். இருபத்திரண்டு வருடம் எப்படிப் பார்த்தாரோ அப்படியே பார்த்தார், மாதிரியை ஒரு தடவை, சரக்கை ஒரு தடவை. இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வெளியே ஒருவர் கதவைத் தட்டினார். லென்ஸ் துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தாழை நீக்கினார்.

பிறகு என்ன செய்தார் என்று கேட்டால், யாருக்கும் நம்பிக்கை வராது. நேராகக் கிடங்குக்குப் பின்னால் போய் இரண்டு சிகரெட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தார். பயம் அடங்க வேண்டுமே! அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான்.

அன்றிலிருந்து பயம் அவர்கூடவே நடந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேருந்தில் எதிர் இருக்கையில் ஒருவர் கொட்டாவி விட்டால் அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்தார். எங்கேயாவது யாராவது கரகரத்த குரலில் பேசினால் இடத்தை மாற்றிக்கொண்டார். எச்சில் விழுங்கும்போது தொண்டையில் ஏதோ தட்டுப்படுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கவனித்தார். கவனிக்கக் கவனிக்க அது தட்டுப்படவும் செய்தது.

சிகரெட் வாங்கும் கடையில், "வாய்ப் படம் வேணாம்மா, நுரையீரல் இருந்தா கொடு" என்றார்.

கடைக்காரம்மா பெட்டிகளைப் புரட்டினாள். "புதுப் படம் வந்த நாள்லேர்ந்து எல்லாருக்கும் நுரையீரல்தான் வேணுமாம். வாய் அப்படியே தேங்கிக் கெடக்கு. கால் அழுகின படம் ஒண்ணு இருக்கு, பரவால்லையா?"

"கொடு."

"என்னமோ போங்க. பொண்ணு பார்க்கிற மாதிரி படம் பார்த்து வாங்குறீங்க."

நாலு நாள் கழித்து எந்தப் படமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. தகர மிட்டாய் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, சிகரெட்டுகளை அதில் மாற்றிக்கொண்டார். கடை வாசலிலேயே பெட்டியைக் கவிழ்த்துக் காலி செய்து எறிந்துவிடுவார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? வேலைக்குப் போனால் ஒரு தாளுக்கு இருபத்து நான்கு வாய் அவரைப் பார்த்துத் திறந்துகொண்டு கிடக்கிறதே! நாளுக்கு ஒரு பெட்டி என்றிருந்தது ஒன்றரையாயிற்று. ஒவ்வொன்றையும் பற்றவைக்கும்போது இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டார். பொய்யாக நினைக்கவில்லை, நிஜமாகவே நினைத்தார். கடைசி இழுப்பு முடிவதற்குள் பயம் திரும்பி வந்துவிடும், அதோடு அடுத்த சிகரெட்டும்.

மைக்காரரிடம் ஒருநாள் வாய்வரை வந்தது.

"யோவ், இந்தப் படத்தையெல்லாம் பார்த்து உனக்கு எப்பவாச்சும் பயமா இருந்திருக்கா?"

"படத்தைப் பார்த்துப் பயந்தா நாம இந்த வேலையே பார்க்க முடியாது லென்ஸு. எங்க பக்கத்து வீட்டுக்காரன் ஒரு சிகரெட் தொட்டதில்ல, முப்பத்தெட்டுல போய்ட்டான். எல்லாம் தலையெழுத்து." மைக்காரர் புகையை மேலே விட்டார். பேசும்போது அவர் பார்வை பெட்டிமேல் படவில்லை என்பதையும், அவர் பெட்டியின்மேல் ஒரு கிரிக்கெட் வீரரின் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதையும் லென்ஸ் அப்போதுதான் கவனித்தார். தன் தகர டப்பாவை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

வீட்டில் தப்பிப்பது இன்னும் கஷ்டம். மனைவி ஒரு திரைச்சீலைக் கடைக்குத் துணி வெட்டித் தைத்துக் கொடுப்பவள். அரை அங்குலம் பிசகினால் கண்டுபிடிக்கிற கண். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்ததால், அந்தக் கண்ணுக்கு வீட்டில் வேறு வேலையும் இல்லை.

"என்னங்க, பத்து நாளா ஒரே பக்கமா மெல்றீங்க. பல் வலியா?"

"ஆமா, பல்லுதான்."

"பல்லுன்னா பல் டாக்டர்கிட்ட போகணும். வச்சுக் கும்பிடவா போறீங்க?"

"அடுத்த வாரம் போறேன்."

அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று ஏழு வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் வந்தால், "அம்மாகிட்ட கொடுக்கிறேன்" என்று இரண்டே வார்த்தையில் நகர்ந்துவிடுவார். அவள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதற்குள் தான் இருப்போமா என்று ஒரு கணக்கு அவருக்குள்ளே ஓடும். குரல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, சிகரெட் பெட்டிக்குப் புது அச்சுத் தகடு மாட்டினார்கள். பழையது தேய்ந்துவிட்டிருந்தது. இயந்திரம் வேகம் பிடித்து ஒன்பதாயிரம் தாள் ஓடியபிறகு, வழக்கம்போல உருவியெடுத்த ஒரு தாளில் லென்ஸ் படத்தைத் தவிர்த்துவிட்டு எழுத்துகளைப் பார்த்தார். இப்போதெல்லாம் அப்படித்தான், படத்தைக் கடைசியில், ஓரக்கண்ணால் பார்ப்பார். பெட்டியின் பக்கவாட்டில் எறும்பு சைஸில் ஒரு வரி உண்டு: 'விட்டுவிட நினைக்கிறீர்களா? அழையுங்கள்' என்று, பக்கத்தில் ஒரு தொலைபேசி எண். இத்தனை காலத்தில் அந்த வரியை எழுத்து உடைந்திருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறாரே தவிர, படித்ததில்லை. கையெழுத்துப் போட்ட மாதிரித் தாளில் எண் மூன்றில் முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த தாளில் எட்டில் முடிந்தது.

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். அவர் இரண்டு மூன்று போன் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"தகடு போடுறவங்ககிட்ட கேட்டாச்சு, கம்பெனிக்காரன் அனுப்பின ஃபைல்லயே எட்டுதான் இருக்காம். கம்பெனிக்காரன் போன் எடுக்கல. விடுங்க அண்ணே, சாயங்காலம் லாரி வருது."

"தப்பான நம்பரா இருந்தா?"

"படத்தையே பார்க்க மாட்டேங்கிறானுங்க, நம்பரையா பார்க்கப்போறானுங்க? எவன் போன் பண்ணப்போறான்?"

லென்ஸுக்கு இந்த விஷயத்தில் மட்டும் பிடிவாதம். சந்தேகம் இருக்கிற தாளை அவர் விட்டதே இல்லை. இயந்திரச் சத்தம் கேட்காத படிக்கட்டு வளைவில் போய் நின்று, கைப்பேசியில் எட்டைப் போட்டு அழைத்தார்.

"யாருங்க? டிராவல்ஸா?" என்றது ஓர் ஆண்குரல். "இல்லீங்க, தப்பா வந்துடுச்சு" என்று வைத்துவிட்டு, மூன்றைப் போட்டு அழைத்தார்.

"வணக்கம், புகையிலை விடுறதுக்கான உதவி மையம். சொல்லுங்க." ஒரு பெண்ணின் குரல், சளி பிடித்திருப்பது போல் கொஞ்சம் அடைத்திருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. நம்பர் சரியான்னு பார்க்கத்தான் பண்ணேன்."

"சரியான நம்பர்தாங்க."

வந்த வேலை முடிந்தது. வைத்துவிட்டிருக்கலாம். அவர் வைக்கவில்லை. அந்தப் பெண்ணும் வைக்கவில்லை.

"வேற ஏதாவது கேக்கணுமா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"நான் சிகரெட் பெட்டி அச்சடிக்கிற இடத்துல வேலை பார்க்கிறேன். அந்தப் படமெல்லாம் நாங்கதான் அடிக்கிறோம்."

"அப்படியா? அப்போ தினமும் பார்ப்பீங்க."

"தினமும்தான். ஒண்ணும் தோணாது. இப்ப... இப்ப அது என் வாய்க்குள்ள இருக்கும்மா. அதே நிறம். நிறம் பார்க்கிறதுதான் என் தொழில். நான் தப்பாச் சொல்லமாட்டேன்."

"எவ்வளவு நாளா இருக்கு?"

"ஏழு வாரத்துக்கு மேல."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பார்த்தா சொல்லிடுவாங்களே."

அந்தப் பெண் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "சொன்னாத்தானே அடுத்து என்ன செய்றதுன்னும் சொல்வாங்க?" என்றாள். "வாயில வெள்ளையா இருக்கிறதெல்லாம் புற்றுநோய் இல்லீங்க. இது அது இல்லன்னும் நான் சொல்லமாட்டேன், நான் பார்க்கல. ஆனா பெட்டியில போடுறது ரொம்ப முத்தின நிலை. நீங்க சொல்றது அதுக்கு எவ்வளவோ முன்னாடியா இருக்கலாம். அது நிறத்தை வச்சுத் தெரியாது. எப்ப டாக்டர்கிட்ட போறீங்க?"

"போறேம்மா."

"எப்பன்னு கேட்டேன்."

"நாளைக்கு."

"நாளைக்கு எத்தனை மணிக்கு? எந்த ஆஸ்பத்திரி?"

லென்ஸ் வாயில் வந்த ஓர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார், வாயில் வந்த ஒரு நேரத்தைச் சொன்னார். அவள் அதை எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "நாளைக்கு மத்தியானம் நானே உங்களுக்குப் போன் பண்றேன்" என்றாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து முகத்தைச் சட்டையால் துடைத்துக்கொண்டு, லென்ஸ் உள்ளே போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

"எட்டு தப்பு. மூணுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேசிப் பார்த்துட்டேன்."

ஒன்பதாயிரம் தாளும் கழிவுக்குப் போயின. மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே புதுத் தகடு போடச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் மனைவி தரையில் துணியை விரித்து, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அளந்துகொண்டிருந்தாள். லென்ஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். கைப்பேசி விளக்கைப் போட்டாள்.

"வாயைத் திறங்க."

திறந்தார். அவள் விளக்கைக் கன்னத்துக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏழு வாரமா?"

"பயமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா? ஏழு வாரம் நீங்க கொஞ்சம் கொஞ்சமா பயந்ததை இப்ப ஒரே நிமிஷத்துல நான் பயந்தாகணும்." விளக்கை அணைத்துவிட்டுக் கையை நீட்டினாள். "அந்த டப்பாவை எடுங்க."

"எந்த டப்பா?"

"மிட்டாய் டப்பா. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களாக்கும்."

மறுநாள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாய்நோய்ப் பிரிவின் நடைபாதையில், நீளமான பெஞ்சில் வரிசையாக ஆட்கள். எதிர்ச்சுவரில் அதே படம், கதவளவுக்குப் பெரிதாக மாட்டியிருந்தது. லென்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். தாடையில் கட்டுப்போட்ட ஒரு மனிதர் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பேச முடியாமல் கையால் எத்தனையாவது எண் என்று கேட்டார். லென்ஸ் சீட்டை எடுத்துக் காட்டினார். எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியது. மனைவி அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

மருத்துவர் அம்மா அதிகம் பேசவில்லை. கையுறை விரலால் அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவுக்கு ஒரு துணுக்கை எடுத்துக் குப்பியில் போட்டு, அந்த இடத்தைத் தைத்தார். "எட்டு நாள்ல தெரியும். இனிமே ஒரு சிகரெட்கூடக் கூடாது."

அந்த எட்டு நாளைப்போல் நீளமான நாட்களை அவர் வாழ்ந்ததில்லை. நாக்கு சும்மா இருக்காமல் தையல் போட்ட இடத்தையே போய்த் தொட்டது. சிகரெட் இல்லாமல் உடம்பு வியர்த்தது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் தாங்க முடியாமல் மைக்காரரிடம் ஒன்று வாங்கிப் பற்றவைத்து, பாதியில் காலால் நசுக்கினார். மத்தியானம் உதவி மையத்துப் பெண் மறுபடி அழைத்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்புக்கொண்டார்.

"எத்தனை?"

"ஒண்ணு. அதுலயும் பாதி."

"சரி, மீதிப் பாதியைக் கீழ போட்டீங்கல்ல? அதை வச்சே போவோம். அடுத்த தடவை கேக்கும்போது அஞ்சு நிமிஷம் தள்ளிப்போடுங்க. தண்ணி குடிங்க, படியேறி இறங்குங்க. அந்தத் தவிப்பு வந்த மாதிரியே போயிடும். போகலன்னா எனக்குப் போன் பண்ணுங்க."

ஒரு நாளில் மூன்று தடவை போன் பண்ணியதும் உண்டு. அவள் ஒரு தடவையும் சலித்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை வேறொருவர் எடுத்தார், அவரிடமும் பேசினார்.

ஒன்பதாம் நாள் மருத்துவர் அறிக்கையைப் பிரித்தார். லென்ஸுக்கு அந்தத் தாளின் பின்பக்கம்தான் தெரிந்தது. எழுத்துகளின் நிழல் தெரிந்தது. எவ்வளவு முயன்றும் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

"புற்றுநோய் இல்ல."

மனைவி சத்தமாக மூச்சு விட்டாள்.

"ஆனா செல்லெல்லாம் மாற ஆரம்பிச்சிருக்கு. அந்தத் தெருவுக்குள்ள காலை வச்சிட்டீங்க, இன்னும் அந்த வீட்டுக்குப் போகல. வெட்டி எடுத்துடலாம். மறுபடி வராதுன்னு எழுதித் தரமுடியாது. சிகரெட் பிடிச்சா வர்றதுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்து காட்டணும். வருஷக்கணக்கா."

வெட்டி எடுத்தார்கள். கன்னம் ஒரு மாதம் இறுகிக் கிடந்தது. வாயை அகலத் திறக்க மறுபடி பயிற்சி செய்யவேண்டியிருந்தது. சிகரெட்டை விட்டார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நடந்தது அப்படியில்லை. முதல் மாதத்தில் நாலு தடவை தவறினார், மூன்றாம் மாதத்தில் ஒரு தடவை. அதற்குப் பிறகு தவறவில்லை. கிடங்குக்குப் பின்னால் போவதை நிறுத்தியதில் மைக்காரருக்கு முதலில் மனத்தாங்கல், பேச்சைக் குறைத்துக்கொண்டார். பிறகு தேநீர் நேரத்தில் அவராகவே வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். ஒருநாள் யாரும் இல்லாதபோது, "உனக்கு வந்தது எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் கன்னத்துக்குள் நாக்கை ஓட்டிக்கொண்டிருந்தார்.

வேலையை மாற்றிக் கொடுங்கள் என்று லென்ஸ் கேட்கவில்லை. சிகரெட் பெட்டி ஓடுகிற நாட்களில் இப்போதும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை யாராவது விரித்தால், உருவியெடுத்துவிட்டு வெறும் காகிதத்தைப் போடுவார்.

இரண்டு வருடத்தில் நான்கு தடவை காட்டியாயிற்று. ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தின வாரமே பயம் வந்துவிடும். நான்காவது தடவை மருத்துவரின் சின்னக் கண்ணாடி ஓர் இடத்தில் நின்றது. வெள்ளையாக ஏதோ இருக்கிறது என்றார். கடிபட்ட தழும்பாகவும் இருக்கலாம், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார். அந்த இரண்டு வாரமும் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. மனைவி ஒரு திரைச்சீலையை இரண்டு தடவை தப்பாக வெட்டினாள். லென்ஸ் கண்ணாடியில் கன்னத்தை இழுத்துப் பார்க்கவில்லை. பார்க்காதீர்கள், பார்ப்பது அவர்கள் வேலை என்று அவள் சொல்லியிருந்தாள்.

பதினாலாம் நாள் மருத்துவர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கடிச்சதுதான். போயிடுச்சு" என்றார்.

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. மனைவி அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது; கூட்டம் குறைவு, இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது.